தங்க எழுத்துல கட்டணக் கழிப்பிடம்

தியேட்டர்ல அஷர் வேலைன்னா வேற ஒண்ணும் இல்ல, லேட்டா வர்றவங்கள டைமுக்கு வந்தவங்களோட கால மிதிக்க வச்சு உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கிறது.

காபிக் கடையோ, காலேஜ் லைப்ரரியோ, ஏர்போர்ட் கவுன்ட்டரோ, நெஞ்சுல பேட்ஜ் குத்திக்கிட்டு, உள்ள திட்டிக்கிட்டு, வெளிய சிரிச்சுக்கிட்டு நின்ன எல்லாருக்கும் சொல்றேன், இது உங்களுக்குத்தான். மத்தவங்களும் தாராளமா படிங்க. ஆனா நடுவுல புகுந்து "ஏம்மா, நீ மேனேஜர்கிட்ட சொல்லிருக்கலாமே"ன்னு கேக்காதீங்க. சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுதான் கதையே.

என் பேரு நித்யா. ஒன்பதாவது வரைக்கும் ஈரோட்டுல தமிழ் மீடியம், அப்புறம் அமெரிக்கால ஈஸ்ட் பிரன்ஸ்விக். காலேஜ்ல ரெண்டு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சுட்டு, தியேட்டர் மேனேஜ்மென்ட்டுக்கு மாறிட்டேன். மாறின நாள்லேர்ந்து எங்கம்மா என் படிப்பப் பத்தி வெளியில பேசறதே இல்ல. பர்த்டே பார்ட்டில யாராவது "பொண்ணு என்ன பண்றா?"ன்னு கேட்டா, "படிக்கறாளுங்க"ன்னு சொல்லிட்டு சாம்பார் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த டேபிளுக்குப் போயிடுவாங்க.

கோர்ஸுக்கு வேலை அனுபவம் வேணும்னு சொன்னாங்க. நியூஜெர்சில ஒரு பழைய ஓபரா ஹவுஸ்ல சேந்தேன். எதுன்னு சொல்ல மாட்டேன், இன்னும் அங்கதான் இருக்கேன். கூரை முழுக்க சுண்ணாம்புல செஞ்ச தேவதைங்க, அதுல பாதிக்கு மூக்கு இல்ல. அந்த சீசன்ல ஒரு பழைய பிரெஞ்சு ஓபராவ, அதான் முழுக்கப் பாட்டாவே நடக்கற நாடகத்த, புதுசா ஸ்டேஜ் பண்ணப் போறாங்க. கத இந்தியாவுல நடக்குது. எழுதினவர் இந்தியாவ மேப்ல கூட சரியா பாத்திருக்க மாட்டார். ஒரு கோயில், ஒரு பூசாரிப் பொண்ணு, அவள லவ் பண்ற ஒரு வீரன், கடைசில எல்லாரும் சாவாங்க.

ராபர்ட்

சேந்த அன்னிக்கு ஹவுஸ் மேனேஜர் கேரல் எனக்கு ஒரு டார்ச், ஒரு கறுப்பு கோட்டு, ஒரு பேட்ஜ் குடுத்தாங்க. பேட்ஜ்ல "ராபர்ட்"னு இருந்தது. "உன் பேட்ஜ் பிரின்ட் ஆகி வர்ற வரைக்கும் இத மாட்டிக்கோ, பேட்ஜ் இல்லாம ஃப்ளோர்ல நிக்கக் கூடாது, ரூல்"னாங்க. ராபர்ட் யாருன்னு கேட்டேன். ரிட்டையர் ஆகிட்டாராம். நான் அஞ்சடி ரெண்டங்குலம், ஒத்தப் பின்னல், நெத்தில பொட்டு. ராபர்ட்.

நாலு வாரம் அப்படியே நின்னேன். ஆயிரக்கணக்கான பேரு என் முகத்தப் பாத்தாங்க, பேட்ஜப் பாத்தாங்க, "தேங்க் யூ, ராபர்ட்"னு சொல்லிட்டு உள்ள போனாங்க. ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. ஒரே ஒரு வயசான அம்மா மட்டும், முத்து மாலையெல்லாம் போட்டுக்கிட்டு, நின்னு உத்துப் பாத்தாங்க. அப்பாடா, ஒருத்தராவது கேக்கறாங்களேன்னு நெனச்சேன். அவங்க என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னது: "ராபர்ட்! உங்க நாட்டுல இது பொம்பளப் பேரா? ஹவ் லவ்லி!"

பதினோரு நிமிஷப் பாட்டு

லேட்டா வர்றவங்கள எந்தப் பாட்டு முடிஞ்சதும் உள்ள விடணும்னு தெரிஞ்சுக்கறதுக்காக அஷர்ஸ் ஒரு ரிகர்சல் பாக்கணும். போய் உக்காந்தேன். திரை தூக்கினாங்க. நீல வெளிச்சம், புகை, நடுவுல ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு கோயில். சும்மா சொல்லக் கூடாது, அழகா இருந்தது. கோயில் நெத்தில ஆள் உயரத்துக்குத் தங்க எழுத்து. தமிழ் எழுத்து! எனக்கு ஒரு செகண்ட் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்புறம் படிச்சேன்.

கட்டணக் கழிப்பிடம்.

கீழ இடது பக்கக் கதவு மேல "ஆண்கள்". வலது பக்கக் கதவு மேல "பெண்கள்". பூசாரிப் பொண்ணு கையில வெளக்கோட "பெண்கள்" வழியா வந்தா. சரி, அதுவாவது கரெக்ட்டுன்னு நெனச்சேன். ஹீரோவும் அதே வழியா வந்தான். அவ மண்டி போட்டு, ரெண்டு கையையும் அந்தத் தங்க எழுத்தப் பாத்துத் தூக்கி, பதினோரு நிமிஷம் பாடினா. மேல ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல அர்த்தம் ஓடுது: "இறைவா, உன் வாசல்ல காத்திருக்கேன், இன்னும் எவ்ளோ நேரம், எப்போ இந்தக் கதவு தொறக்கும்?" நீங்களே சொல்லுங்க, நான் எவ்ளோ நேரம்தான் அடக்கறது? வாய் விட்டு சிரிச்சுட்டேன். ஆர்க்கெஸ்ட்ரா நின்னுடுச்சு.

டைரக்டர் மார்க்கஸ் இறங்கி வந்தார். நெட்டையா, பழுப்பு ஸ்கார்ஃப் போட்ட மனுஷன். எதுக்கு சிரிச்சேன்னு கேட்டார். சொன்னேன். அவர் கோவமே படல. போன வருஷம் தமிழ்நாட்டுக்கு ட்ரிப் போனாராம், ஒரு கோயில் பக்கத்துல, பஸ்செல்லாம் நிக்கிற எடத்துல இந்த போட்டோவ அவரே எடுத்தாராம். "ஜனங்க வரிசையா நின்னாங்க. ஒரு நாணயத்தக் காணிக்கையா குடுத்துட்டு உள்ள போனாங்க. திரும்பி வரும்போது அவங்க முகத்துல ஒரு அமைதி இருந்தது பாரு, அத நான் இன்னிக்கும் மறக்கல"ன்னார். "சார், அந்த அமைதி வேற சார்"னேன். அவர் என் பேட்ஜப் பாத்தார், என் தோள்ல கைய வச்சார். "ஒரு வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்னு நீ ஏன் இவ்ளோ பிடிவாதம் பிடிக்கிற, ராபர்ட்?"

நிபுணர் கருத்து

விடுவேனா? அடுத்த நாளே கேரல் ரூமுக்குப் போய், போன்ல போட்டோ எடுத்து டிரான்ஸ்லேஷன் ஆப்ல போட்டுக் காமிச்சேன். ஆப் தெளிவா "பெய்ட் டாய்லெட்"னு சொல்லுச்சு. கேரல் மார்க்கஸக் கூப்பிட்டாங்க. ஆப்புக்குக் கவிதை புரியாதுன்னுட்டார் மார்க்கஸ். அப்போ ஒரு தமிழ் ஆளக் கூப்பிடுங்கன்னேன். "யாராவது எக்ஸ்பர்ட்டக் கேப்போம்"னாங்க கேரல். நான் அவங்க எதிர்லதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

எக்ஸ்பர்ட்டா வந்தது மேத்தா அங்கிள். பார்சிப்பனில பிசினஸ் பண்றார், ஓபரா ஹவுஸ் கமிட்டில இருக்கார், தங்கமான மனுஷன். குஜராத்தி. தமிழ்ல அவருக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை இட்லி. செட்டுக்கு முன்னால நின்னு, மூக்குக் கண்ணாடிய ஏத்திக்கிட்டு அண்ணாந்து பாத்தார். ரெண்டு கையையும் கூப்பினார். எனக்கு உசுரே போச்சு. "அங்கிள், அது பாத்ரூம் போர்டு அங்கிள், நான் தமிழ், ஈரோட்டுல ஸ்கூல் படிச்சவ"ன்னு கத்தினேன். அவர் ரொம்பப் பரிவா என்னப் பாத்தார். "பேட்டா, சவுத்ல எதையாவது இவ்ளோ பெருசா எழுதினா அது ஸ்லோகம்தான். நீ அமெரிக்கால வளந்த பொண்ணு, உனக்குத் தெரியாது."

அச்சுல வந்த பேரு

இது வரைக்கும் எனக்கு வெறும் கோவம்தான். போங்கடா, உங்க கோயில், உங்க டாய்லெட்டுன்னு விட்டுருப்பேன். அப்புறம் புரோகிராம் புக்கு அச்சாகி வந்தது. அஞ்சாவது பக்கத்துல, மார்க்கஸ் பேருக்கு நேர் கீழ, "தமிழ் கலாச்சார ஆலோசகர்"னு என் பேரு. இனிஷியலோட. ராபர்ட் இல்ல, நித்யா. ஒரு வார்த்த கேக்கல! ஓடினேன். "ஒண்ணு என் பேர எடுங்க, இல்ல அந்த போர்ட எடுங்க"ன்னேன். நாலாயிரம் காப்பி அச்சடிச்சாச்சாம். "இவ்ளோ அக்கறையா வந்து சொன்னியே, அதுக்கு ஒரு மரியாதை பண்ணலாம்னு மார்க்கஸ்தான் போடச் சொன்னார்"னாங்க கேரல். மரியாதையாம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், அம்மா கையில போன வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறாங்க. ஓபரா ஹவுஸ் வெப்சைட்ல என் பேரு வந்தத யாரோ பாத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. "ஏஞ்சாமி, இத்தன பெரிய எடத்துல உனக்கு ஆலோசகர் வேலைன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?" ஏற்கனவே எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. சனிக்கிழமை தமிழ் கிளாஸ் நடத்தற தங்கவேல் அங்கிள் குரூப் டிக்கெட்டே போட்டுட்டாராம், முதல் ஞாயித்துக்கிழமை மத்தியான ஷோவுக்கு. அதுக்குப் பத்து நாள்தான் இருக்கு. எங்கம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்த நான் படிப்ப மாத்தினதுக்கு அப்புறம் பாத்ததே இல்ல. "அம்மா, அந்த செட்ல ஒரு பிரச்சன..."ன்னு ஆரம்பிச்சேன். கேக்கல. "நாப்பத்திரண்டு பேரு உம் பேரப் பாத்துத்தான் வர்றாங்க கண்ணு, நான் பட்டுப் பொடவ கட்டறேன், நீ அந்தக் கோட்ட மட்டும் இஸ்திரி போட்டுக்க."

ஒரு மந்திரம் வேணும்

அந்த வாரம் நன்கொடை குடுக்கறவங்களுக்கெல்லாம் செட்ட சுத்திக் காமிக்கிற நாள். ஒயின், சீஸ், கூட என்னையும் நிக்க வச்சாங்க. ஒரு லேடி, மஞ்சள் சில்க் சட்ட, கழுத்துல ருத்ராட்சம், நேரா எங்கிட்ட வந்தாங்க. "நீதான கன்சல்டன்ட்? அந்தப் பெரிய வார்த்தைய எனக்கு ஒழுங்கா உச்சரிக்க சொல்லிக் குடு"ன்னாங்க. "அது டாய்லெட் போர்டு"ன்னேன். "தெரியும், தெரியும், உடம்பே ஒரு கோயில்தான"ன்னாங்க. இதுக்கு மேல என்ன சண்டை போடறது? மெதுவா சொன்னேன்: கட்... டணக்... கழிப்... பிடம்.

அவங்க கண்ண மூடிக்கிட்டாங்க. மூச்ச உள்ள இழுத்தாங்க. "காட்டானா காலிப்பீடாம்." மூணு தடவ சொன்னாங்க. மூணாவது தடவ பக்கத்துல நின்ன நாலு பேரும் சேந்து சொன்னாங்க. கண்ணத் தொறந்து என்னப் பாத்தப்ப நெஜமாவே கண்ணு கலங்கியிருந்தது. "நாளைக்குக் காலைல என் யோகா கிளாஸ்ல எல்லாரையும் இதச் சொல்ல வைக்கப் போறேன்."

மூணே எழுத்து

நியாயம் பேசி ஆகாதுன்னு புரிஞ்சது. பெயின்டர் டோனிகிட்ட போனேன். முப்பது வருஷமா அந்த ஹவுஸுக்கு செட் பெயின்ட் பண்றவர். தாத்தா காலத்துலயே இத்தாலிலேர்ந்து நியூஜெர்சி வந்த குடும்பம். விஷயத்த சொன்னதும் பிரஷ்ஷால தொடையில அடிச்சுக்கிட்டார். "பாத்ரூமா! ரெண்டு கதவு பக்கத்துப் பக்கத்துல இருக்கும்போதே நெனச்சேன்!" நாலு வாரத்துல என்ன நம்பின முதல் மனுஷன். கட்டிப் புடிச்சு அழலாம் போல இருந்தது. ஆனா போர்ட மாத்தறதுக்கு டைரக்டர் கையெழுத்து வேணுமாம், யூனியன் ரூல். "டச்-அப்புன்னா கையெழுத்து வேணாம். அங்கங்க உரிஞ்சத சரி பண்றது. ஒரு வார்த்தையவே உரிஞ்சு போச்சுன்னு சொல்ல முடியாது. ஒண்ணு ரெண்டு எழுத்துன்னா பாக்கலாம்"னார்.

பஸ்ல வீட்டுக்குப் போறப்ப புரோகிராம் புக்குக்குப் பின்னால எழுதி எழுதிப் பாத்தேன். கழிப்பிடம், கழிப்பிடம்னு பேனாவ வச்சு எழுதறேன், பக்கத்துல உக்காந்திருந்த தமிழ் அக்கா எட்டிப் பாத்துட்டு சீட்டு மாறி உக்காந்துட்டாங்க. திடீர்னு பொறி தட்டிச்சு. "ழி"ய எடுத்துட்டு "ளி" போட்டா? களிப்பிடம்! களிக்கிற எடம்! சந்தோஷமா இருக்கற எடம்! கட்டணம் அப்படியே இருக்கட்டும், டிக்கெட் வாங்காம எவன் உள்ள விடறான்? அப்புறம் "பெண்கள்"ல முன்னால இருக்கற கொம்ப மட்டும் அழிச்சா "பண்கள்", அதாவது ராகங்க. "ஆண்கள்"ல "ஆ"வ எடுத்துட்டு "க" போட்டா "கண்கள்". பஸ்ஸுன்னு கூடப் பாக்காம கத்திட்டேன்.

மறுநாள் டோனிக்குப் பெருசா எழுதிக் குடுத்து, அர்த்தமும் சொன்னேன்: டிக்கெட் வாங்கிட்டு வந்து சந்தோஷப்படற எடம், பாக்கறதுக்குக் கண்ணு, கேக்கறதுக்கு ராகம். எல்லாரும் லஞ்சுக்குப் போன நேரத்துல ஏணி போட்டு ஏறினார். நான் கீழ நின்னு "வளைவு இன்னும் கொஞ்சம் கீழ வரணும், கால நேரா இழுங்க"ன்னு கத்தறேன். எங்க ஸ்கூல்ல தமிழ் மிஸ் என்னக் கத்தின மாதிரியே. ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சது. டோனி இறங்கி வந்து, கையத் தொடச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தார். "முப்பது வருஷமா இங்க அரண்மன, ஜெயிலு, சர்ச்சுன்னு பொய்யாவே பெயின்ட் பண்ணிருக்கேன், இந்த பில்டிங்கப் பத்தி உண்மையச் சொல்ற போர்டு இதுதான் ஃபர்ஸ்ட்டு."

டைரக்டர் பாத்தார்

கடைசி ரிகர்சல்ல மார்க்கஸ் நடு வரிசைல உக்காந்து, தலைய ஒரு பக்கம் சாச்சு, ரொம்ப நேரம் அந்தத் தங்க எழுத்தப் பாத்தார். ஏதோ மாறியிருக்குன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருச்சு. டோனி மேடை ஓரத்துல நின்னு காலியா இருந்த டப்பாவக் கலக்கிக்கிட்டிருந்தார். மார்க்கஸ் என்னக் கைய ஆட்டிக் கூப்பிட்டார். போனேன். வேல போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

"லைட்ட மாத்தினதும் பாத்தியா," காதுக்குக் கிட்ட வந்து ரகசியமா சொன்னார், "இப்போ அந்த எழுத்து இன்னும் புனிதமாயிடுச்சு."

இன்டர்வெல்

ஞாயித்துக்கிழமை. நாப்பத்திரண்டு பேரும் பால்கனில, பட்டுப் பொடவையும் ஷெர்வானியுமா. அம்மா முதல் வரிசை. நான் பின்னால நிக்கறேன். திரை தூக்கினாங்க. நீல வெளிச்சம், புகை, தங்க எழுத்து. நாப்பத்திரண்டு தலையும் ஒரே நேரத்துல முன்னால சாஞ்சது. யாரும் சிரிக்கல. அந்தப் பொண்ணு மண்டி போட்டுப் பாடினா, பதினோரு நிமிஷம். அங்க ஒரு இருமல் சத்தம் கூட இல்ல. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

இன்டர்வெல்ல தங்கவேல் அங்கிள் என்ன லாபில புடிச்சார். சுத்தி எல்லாரும். "நித்யா, ஆலோசகர்னு பேரு போட்டிருக்காங்களே மா. கழிப்பிடத்துக்கு எந்த ழ வரும்?" நான் சொன்னேன், "அங்கிள், அது கழிப்பிடம் இல்ல, களிப்பிடம்." "அதத்தான் மா நானும் கேக்கறேன், எந்த ழ?" "ள அங்கிள். அங்க ளதான் வரும்." "கழிப்பிடத்துக்கு ளவா?" அதுக்குள்ள ஒரு ஆன்ட்டி, "பண்கள்னு போட்டிருந்ததே, ஸ்நாக்ஸ் கவுன்ட்டர்ல பன்னு விக்கிறாங்கன்னு நெனச்சேன்"னாங்க. இன்னொரு அங்கிள், "கண்கள்னா உள்ள ஐ டெஸ்ட்டா?"ன்னார். அவர் பையன் போனலேர்ந்து தலையத் தூக்கி, "வெயிட், டாட், இஸ் இட் அ பாத்ரூம்?"னான். எல்லாரும் சிரிச்சாங்க. தங்கவேல் அங்கிள் மட்டும் சிரிக்கல. "அமெரிக்கால தமிழ் எப்படி அழியுதுன்னு நான் கிளாஸ்ல சொல்லிக்கிட்டே இருப்பேன், இன்னிக்குத் தங்க எழுத்துல பாத்துட்டேன்"னார்.

அப்போதான் அம்மா கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்தாங்க. என்ன நடந்து அந்த எழுத்து அங்க வந்ததுன்னு அவங்களுக்குத் தெரியாது. இதப் படிக்கும்போதுதான் தெரியப் போகுது, அன்னிக்கு சோறு கிடைக்குமான்னு பாக்கணும். பொடவ முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு அங்கிள் முன்னாடி நின்னாங்க. "ஏனுங்க, களிப்புன்னு ஒரு வார்த்தைய உங்க கிளாஸ்ல சொல்லிக் குடுத்ததே இல்லீங்களா? எம் பொண்ணு தெரிஞ்சுதானுங்க எழுதியிருக்கறா." அங்கிள் "இல்லீங்க மா, அது வந்து..."ன்னு இழுத்தார். அம்மா விடல. "அந்தப் புள்ள பாடறப்ப நீங்க கர்சீப் எடுத்துக் கண்ணத் தொடச்சத நான் பக்கத்து சீட்லேர்ந்து பாத்தனுங்க. இந்த ஒரு மணி நேரத்தக் களிச்சீங்களா, கழிச்சீங்களா, நீங்களே சொல்லிப்போடுங்க."

மொத்தத்துல, தமிழ் படிக்கத் தெரியாத ஒரு ஓபரா ஹவுஸையே ஏமாத்தறதுக்கு ஒரு ஏணியும் ஒரு டப்பா பெயின்ட்டும் போதும், தமிழ் தெரிஞ்ச நாப்பத்திரண்டு பேர ஒரே ஒரு எழுத்த நம்ப வைக்கிறதுக்குத்தான் ஈரோட்டுலேர்ந்து ஒரு அம்மா வேண்டியிருக்கு.